நாற்காலியில் தேறாத அண்ணி

நான் ஒரு பெண்ணின் பெயருக்கு எதிரே 'தேறாது' என்று எழுதினேன். எழுதியதோடு விடாமல் கீழே இரண்டு கோடு வேறு போட்டேன். பதினெட்டு நாள் கழித்து அதே பெண்தான் எங்கள் படத்தையும் என் மானத்தையும் காப்பாற்றினார். அதைச் சொல்லத்தான் இன்று உங்களை உட்கார வைத்திருக்கிறேன். நான் வேலையை விட்டுவிட்டேன், இனி யாரும் என்னை வேலையை விட்டுத் தூக்க முடியாது, அதனால் ஒன்றையும் மறைக்காமல் சொல்லலாம்.

பிள்ளைகளே, நீங்கள் எல்லோரும் படத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். ஒவ்வொருவர் கைப்பேசியிலும் ஆயிரம் முகம் இருக்கிறது. பெயர், உயரம், வயது, அழுகிற வீடியோ, சிரிக்கிற வீடியோ. எனக்குப் பார்க்கவே ஆசையாக இருக்கிறது. எங்கள் காலத்தில் ஒரு முகத்தைத் தேடி பஸ் பஸ்ஸாக ஏறி இறங்குவோம். ஆனால் நான் செய்த தப்பை நீங்கள் இன்னும் வேகமாகச் செய்வீர்கள் என்ற பயமும் கூடவே இருக்கிறது. அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

அது ஒரு இந்திப் படம். அடிதடிப் படம்தான், ஆனால் நடுவில் ஒரு குடும்பம் இருக்கிறது. கடற்படையிலிருந்து திரும்பி வரும் ஒருவன், அவன் பிறந்த மீன்பிடி கிராமத்தை மிரட்டும் ஒரு கும்பல், செத்துப்போன அண்ணனின் மனைவி. அந்த அண்ணி ஏரியில் இறங்கிக் கையால் இறால் பிடித்துப் பிழைப்பவள். பழவேற்காடு ஏரியில்தான் படப்பிடிப்பு. மும்பையிலிருந்து வந்த இயக்குநருக்கு நம் ஊர் ஆட்களைத் தேடிக் கொடுப்பது என் வேலை.

கதையை வாசித்ததும் எனக்கு ஒன்று உறைத்தது. இடைவேளைக்கு முன் ஒரு காட்சி. அடிபட்டு முழங்கால் தண்ணீரில் சாய்ந்து கிடக்கிறான் கதாநாயகன். கும்பலின் ஆட்கள் ஆறு பேர் சுற்றி நிற்கிறார்கள். அண்ணி நடுவில் வந்து, முட்டி போட்டு, அவனை விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சுகிறாள். ஒரு பக்கத்துக்கு வசனம். கும்பலின் தளபதி சிரித்துக்கொண்டே அவளைத் தள்ளுகிறான். உடனே கதாநாயகன் எழுந்து வெளுத்து வாங்குகிறான். இந்த அண்ணியைப் பார்ப்பவர்களுக்குப் பிடிக்காமல் போனால் அதற்குப் பிறகு அவன் எத்தனை பேரை அடித்தாலும் அது வெறும் உடற்பயிற்சிதான். அடிக்கிற ஆளை எல்லோரும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். யாருக்காக அடிக்கிறான் என்பதில்தான் கோட்டை விடுவார்கள். இதை நான் அப்போதே இயக்குநரிடம் பெரிய மேதாவி மாதிரி சொன்னேன். சொல்லிவிட்டுக் கோட்டை விட்டவள் நான்தான்.

அண்ணி வேடத்துக்கு நான் தேர்ந்தெடுத்தது ஒரு மேடை நடிகை. சென்னையில் நாடகம் போடுபவர். இந்தி சுத்தமாகப் பேசுவார். கண்ணில் தண்ணீர் வேண்டும் என்றால் வலது கண்ணா இடது கண்ணா என்று கேட்கிற அளவுக்குத் திறமை. இயக்குநர் வேறொருவரைச் சொன்னார், நான் விடவில்லை. மூன்று நாள் சண்டை போட்டேன். இவர் சரியில்லை என்றால் இனிமேல் எனக்கு வேலையே தராதீர்கள் என்று வாயை விட்டேன். அந்த வாய்தான் எனக்கு எப்போதும் சனி.

அதே வாரத்தில் பொன்னேரியில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து, கூட்டத்தில் நிற்பதற்கும் ஒன்றிரண்டு வசனம் பேசுவதற்கும் உள்ளூர் ஆட்களைப் பார்த்தோம். ஒரு நாற்காலி, ஒரு விளக்கு, ஒரு கேமரா. வருகிறவர் உட்கார்ந்து பெயர், ஊர் சொல்ல வேண்டும். கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், கோபப்பட வேண்டும். ஆளுக்கு மூன்று நிமிடம்.

சுண்ணாம்புக்குளம் பக்கத்திலிருந்து வந்தவர் வெங்கம்மா. நாற்பத்தைந்து வயது இருக்கும். நாற்காலியின் ஓரத்தில் பட்டும் படாமலும் உட்கார்ந்தார். தரையையே பார்த்தார். பேசும்போது பல்லைக் கடித்துக்கொண்டே பேசினார், பாதி சொல் எங்களுக்குக் கேட்கவில்லை. கோபப்படுங்கள் என்றேன்.

"யார் மேல மேடம்?" என்று கேட்டார்.

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது எவ்வளவு நல்ல கேள்வி என்று அப்போது எனக்குப் புரியவில்லை. மூன்று நிமிடம் முடிந்தது, போகலாம் என்றேன். அவர் எழுந்து, அவ்வளவுதானா என்பது போல என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். நான் தாளில் எழுதியது உங்களுக்குத்தான் தெரியுமே.

படப்பிடிப்பு நாள் வந்தது. அண்ணியின் காட்சிகள் அன்றுதான் தொடங்குகின்றன, அதுவும் அந்த இடைவேளைக் காட்சியிலிருந்து. கதாநாயகன் எங்களுக்குக் கொடுத்த தேதியில் கடைசி நாள் அது. மறுநாள் காலையில் அவர் வேறு படத்துக்கு வெளிநாடு போகிறார். ஏரியும் எங்களுக்காகக் காத்திருக்காது. காலையில் முழங்கால் அளவு நிற்கும் தண்ணீர், கடலிலிருந்து முகத்துவாரம் வழியாக ஏறத் தொடங்கினால் மதியத்துக்குள் இடுப்புக்கு வந்துவிடும். இடுப்புத் தண்ணீரில் சண்டை போட முடியாது. படகுகள் ஏற்பாடு செய்து கொடுத்த ஜமால் பாய், பழவேற்காட்டுக்காரர், காலையிலேயே இதை என்னிடம் மூன்று முறை சொல்லிவிட்டார்.

நடிகை தண்ணீரில் இறங்கினார். பாவம், அவரைக் குறை சொல்ல மாட்டேன். இந்த வேடத்துக்காக இரண்டு வாரம் நீச்சல் பழகியிருந்தார். எங்கே தெரியுமா? நீச்சல் குளத்தில். நான்தான் அனுப்பினேன். ஏரி வேடம் என்றால் நீச்சல் தெரிய வேண்டும் என்று முடிவு செய்த அறிவாளி நான். முழங்கால் தண்ணீரில் யார் நீந்துவார்கள்? அங்கே தெரிய வேண்டியது சேற்றில் நிற்பது.

முதல் அடியில் அவர் கால் கணுக்கால்வரை புதைந்தது. இரண்டாவது அடியில் புதைந்த காலைப் பிடுங்கினார், மற்ற கால் இன்னும் ஆழமாகப் போனது. முகத்தில் சோகம் வர வேண்டிய இடத்தில் பயம் வந்தது. விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். ஆறாவது முறை எடுக்கும்போது கெளுத்தி மீனின் முள் காலில் குத்திவிட்டது. மருந்து போட்டுக்கொண்டு, வலியோடு இன்னும் இரண்டு முறை வந்தார். அழுகை அற்புதமாக வந்தது. ஆனால் அது ஏரியில் வாழும் பெண்ணின் அழுகை இல்லை, ஏரியில் மாட்டிக்கொண்ட பெண்ணின் அழுகை. அடிபட்டுக் கிடக்க வேண்டிய கதாநாயகனே ஒரு கட்டத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார்.

இயக்குநர் கரைக்கு வந்து ஒரு முடிவு சொன்னார். காட்சியைக் கரைக்கே மாற்றிவிடலாம், மணலில் எடுக்கலாம், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒளிப்பதிவாளருக்கு மட்டும் மனசே இல்லை, தூரத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் கிரேன்கள் தெரியும்படி கேமராவைத் தண்ணீரில் அழகாக வைத்திருந்தார்.

எனக்கு உள்ளுக்குள் எப்படி இருந்தது என்று சொல்லட்டுமா? நிம்மதியாக இருந்தது. கரைக்கு மாறினால் என் தேர்வு தப்பு என்று யாருக்கும் தெரியாது. பழி சேற்றின் மேல் போய்விடும். நடிகை மணலில் பிரமாதமாக அழுவார், எல்லோரும் கை தட்டுவார்கள். படம் மட்டும் செத்துப்போகும். அண்ணியைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிட்டால் இந்தக் கதை ஏன் இந்த ஏரியில் நடக்க வேண்டும்?

அப்போதுதான் உதவி இயக்குநர் ஒருவர் ஒலிபெருக்கியில் கத்துவது கேட்டது. தூரத்தில் இறால் பிடிக்கும் பெண்கள் நாலைந்து பேர் கேமராவுக்குள் வந்துவிட்டார்களாம், விலகச் சொன்னார். நான் திரும்பிப் பார்த்தேன். வரிசையாகத் தண்ணீரில் முட்டி போட்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே முன்னேறுகிறார்கள். பிடித்த இறாலைப் போட ஓலையில் முடைந்த கூடை, பறி என்பார்கள், ஒவ்வொருவர் வாயிலும் தொங்குகிறது. விளிம்பைப் பல்லால் கடித்துப் பிடித்திருக்கிறார்கள், கை இரண்டும் இறாலுக்கு வேண்டுமே. அதில் ஒருத்தி எழுந்து நடந்தாள். தண்ணீர் சலசலக்கவே இல்லை. காலைத் தூக்காமல் அடியிலேயே நகர்த்திக்கொண்டு போனாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பிள்ளைகளே, இந்த வேலையில் அந்தச் சிலிர்ப்புக்காகத்தான் இத்தனை ஆண்டு ஓடினேன்.

அது யார் என்று ஜமால் பாயிடம் கேட்டேன்.

"இன்னா மேடம், தெரிலயா? நம்ம வெங்கம்மா. பொன்னேரில வாணாம்னு அனுப்பிட்டீங்களே, அதே ஆளு" என்றார்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார் என்று குறை கண்டேனே, அந்தப் பல் வருஷக்கணக்காகப் பறியைக் கடித்த பல். தரையைப் பார்த்தார் என்று ஒதுக்கினேனே, அவர் பிழைப்பே தரையில்தான் இருக்கிறது.

இயக்குநரிடம் போனேன். என் தேர்வு தப்பு என்று சொன்னேன். சேறு தப்பில்லை, நடிகை தப்பில்லை, நான் தப்பு. ஒரு மணி நேரம் கொடுங்கள், வேறு ஆள் கொண்டுவருகிறேன் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இதுவும் சொதப்பினால் பொன்னேரியில் அடுத்த ரயிலில் ஏறிவிடுங்கள் என்று இந்தியில் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் விளையாட்டில்லை என்று தெரிந்தது. நானே முன்பு விட்ட வார்த்தைதானே, மறுத்துப் பேச என்ன இருக்கிறது.

அடுத்து நடிகையிடம் போனேன். காலில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். நேராகச் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வந்தது, இந்த முறை கேட்டு வாங்கியது இல்லை. பிறகு, தன்னால் அங்கே நிற்கவே முடியவில்லை, நிற்கத் தெரிந்தவர் நிற்கட்டும் என்று சொல்லி அண்ணியின் புடவையை என்னிடம் கொடுத்துவிட்டார். அவர் பெரிய மனசை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

வெங்கம்மாவைக் கரைக்குக் கூப்பிட்டு ஆள் அனுப்பினேன். வரவில்லை. தண்ணீர் ஏறுவதற்குள் பிடித்தாக வேண்டும், ஏறிவிட்டால் கைக்கு எட்டாது. சரி என்று நானே இறங்கினேன். இரண்டு முறை விழுந்து, சேறும் சகதியுமாக அவர் முன்னால் போய் நின்றேன். அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். பறியை வாயிலிருந்து எடுக்கவில்லை. நான் பேசினேன், அவர் கை வேலையைப் பார்த்தது.

அன்று நான் செய்தது தப்பு என்றேன். காட்சியைச் சொன்னேன். ஆறு பேர் சுற்றி நிற்பார்கள், கொழுந்தன் அடிபட்டுக் கிடப்பான், நீங்கள் வந்து முட்டி போட்டுக் கெஞ்ச வேண்டும். அதைக் கேட்டதும் பறியை எடுத்தார்.

"முட்டி போடறது எறா புடிக்க மேடம். கெஞ்சறதுக்கு யாருனா தண்ணில முட்டி போடுவாங்களா?"

பேச ஒன்றும் வேண்டாம், வந்து நின்றால் போதும் என்றேன்.

"அன்னிக்கி நாற்காலில ஒக்கார வச்சி அந்த கேமரா கண்ணாடியப் பாருன்னீங்க. எனுக்கு அதப் பாத்து இன்னா பண்றதுனே தெரில. இங்க யாரப் பாக்கணும்?"

இன்று யாரையும் பார்க்க வேண்டாம், உங்கள் கொழுந்தனை அடிக்க வருகிறார்கள் என்று மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் கொஞ்ச நேரம் அந்த ஆறு பேரையும் தூரத்திலிருந்து பார்த்தார். தண்ணீர் ஏறுவதற்குள் தன்னை விட்டுவிட வேண்டும் என்றார். சரி என்றேன். பறியை மறுபடி வாயில் கடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். பின்னால் நான் தத்தித் தத்தி வந்ததைப் பார்த்து முழுப் படக்குழுவும் சிரித்தது.

புடவை மாற்றியாயிற்று. வாயிலிருந்து பறியை எடுக்கச் சொல்லுங்கள், முகம் தெரியவில்லை, வசனம் எப்படிப் பேசுவார் என்று இயக்குநர் கேட்டார். பறி இருக்கட்டும், வசனம் வேண்டாம் என்றேன். அவர் கையிலிருந்த வசனத் தாளைப் பார்த்தார், வெங்கம்மாவைப் பார்த்தார், கேமராவை ஓட்டச் சொன்னார்.

ஆறு பேர் நிற்கிறார்கள். தளபதியாக நடித்தவர் ஆறடி இரண்டு அங்குலம் உயரமுள்ள சண்டைக் கலைஞர். கதாநாயகன் தண்ணீரில் கிடக்கிறார். வெங்கம்மா வந்தார். சத்தமில்லாமல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தார். பறியைக் கடித்த வாய், மேலே இரண்டு கண். அந்தக் கண்ணைப் பார்த்து ஒருவன் ஒரு அடி பின்னால் வைத்தான். வைக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, தானாக வைத்தான். அவர் தளபதிக்கு நேரே போய் நின்றார். நின்றால் போதும் என்றிருந்தேன், முட்டியே போட்டார். இரண்டு கையும் தண்ணீருக்குள் போயின. தளபதி எழுதி வைத்தபடி சிரித்தார்.

சிரித்துக்கொண்டே இருந்தவர் முகம் மாறியது. கீழே பார்த்தார். அடுத்த நொடி இரண்டு காலும் மேலே வர, மல்லாக்க, அப்படியே வெட்டிய பனைமரம் மாதிரி தண்ணீரில் விழுந்தார்.

வெங்கம்மா எழுந்து நின்றார். பறி வாயிலேயே இருந்தது. அடுத்தவனைப் பார்த்தார். அடுத்தவன் ஓடினான். எழுந்து சண்டை போட வேண்டிய கதாநாயகன் வாயைப் பிளந்துகொண்டு அண்ணியையே பார்த்தார், பிறகு நினைவு வந்து எழுந்தார். எழுந்தபோது அவர் முகத்தில் இருந்தது நடிப்பே இல்லை. சந்தோஷம், வெறி, இவளை எவன் தொடுவான் என்ற திமிர், எல்லாம் சேர்ந்து இருந்தது. கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. இயக்குநர் நிறுத்தச் சொல்லவே மறந்துவிட்டார்.

எல்லாம் முடிந்து சேற்றைத் துப்பிக்கொண்டே எழுந்த சண்டைக் கலைஞர், தன்னை எப்படி வீழ்த்தினார் என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். வெங்கம்மா அதில் என்ன அதிசயம் என்பது போலச் சொன்னார்.

"கால் வச்ச எடம் குழியாவும். குழில கை வுட்டா எறா இருக்கும். கை வுட்டேன், கால் இருந்துச்சி. புடிச்சித் தூக்கினேன்."

ஜமால் பாய் சிரித்துச் சிரித்துப் படகிலிருந்து விழப் பார்த்தார். இயக்குநர் வசனத் தாளை நாலாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். படம் முழுக்க அண்ணிக்கு வசனமே இல்லை என்று அன்று மாலையே முடிவாயிற்று. வெங்கம்மா சொன்ன நேரத்துக்குப் புடவையை மாற்றிக்கொண்டு ஏரிக்குள் போய்விட்டார்.

மேடை நடிகையை என்ன செய்தோம் என்று நீங்கள் கேட்பீர்கள். படத்தில் ஒரு வக்கீல் வேடம் இருந்தது, இன்னும் ஆள் போடவில்லை. அதை அவருக்கு வாங்கிக் கொடுத்தேன். நீதிமன்றத் தரை வழவழவென்று இருந்தது, அவர் அதில் சிங்கம் மாதிரி நடந்தார். அதே ஆள்தான், அதே திறமைதான்.

படம் வெளியான அன்று சென்னையில் ஒரு தியேட்டரில் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் காட்சி வந்தது. வெங்கம்மா முட்டி போட்டதும் முன்னால் இருந்த ஒரு பெண், ஐயோ வேண்டாம் என்று வாய்விட்டே சொன்னாள். தளபதி விழுந்தான். விசில் என்றால் அப்படி ஒரு விசில். எனக்கு அறுபது வயது, நாற்காலியில் ஏறி நின்று கத்தினேன். பக்கத்தில் இருந்தவர் உட்காருங்கள் ஆயா என்றார், அதற்கும் சேர்த்து ஒரு விசில் அடித்தேன். கதாநாயகன் அதற்குப் பிறகு அடித்த ஒவ்வொரு அடிக்கும் தியேட்டர் கூடவே அடித்தது.

அடுத்த வாரம் மும்பையிலிருந்து அழைப்பு. டெல்லியில் நடக்கிற கதை, பெரிய படம், பெரிய நட்சத்திரங்கள். கதாநாயகிக்கு அம்மா வேடம், அந்த அண்ணிதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தாமதிக்காமல் ரயிலைப் பிடித்துப் பொன்னேரி போய், அங்கிருந்து வண்டி பிடித்துச் சுண்ணாம்புக்குளம் போனேன். வெங்கம்மா ஏரியில் இருந்தார். இந்த முறை ஒரே ஒரு தடவைதான் விழுந்தேன். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். டெல்லி, பத்தாவது மாடியில் வீடு, மெத்தை நாற்காலி, நட்சத்திரத்துக்கு அம்மா. கூட நானும் வருகிறேன், பேசச் சொல்லித் தருகிறேன், பயப்படாதீர்கள் என்றேன்.

அவர் கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு இறாலைப் பறிக்குள் போட்டுவிட்டு, பறியை வாயிலிருந்து எடுத்தார்.

"அங்க தண்ணி இருக்குதா?"

இல்லை என்றேன்.

"அப்ப அது நா இல்ல மேடம். வேற ஆள பாருங்க" என்றார்.

நான் முப்பத்திரண்டு வருஷம் இந்த வேலை பார்த்தவள். அந்த வேடத்துக்கு அவர் சரிவர மாட்டார் என்று முதலில் சொல்லியிருக்க வேண்டியது என் கண். வெற்றி கண்ணை மறைத்துவிட்டது. பொன்னேரி மண்டபத்தில் நான் போட்ட அதே நாற்காலியைத்தான் டெல்லியில் பத்தாவது மாடியில் போடப் போனேன், கொஞ்சம் மெத்தை வைத்து. அவர் மறுபடியும் பறியைக் கடித்துக்கொண்டு முட்டி போட்டார். நான் ஏரிக்குள் நின்றுகொண்டே மும்பைக்குப் போன் போட்டு, வேறு ஆள் பார்க்கச் சொன்னேன்.